கோயிலின் வடபக்கம்

மகன் அருளுக்கு, கொல்கத்தா டாக்குரியாவிலிருந்து அம்மா.

முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் சேதி. உன் தங்கச்சி பிலோவின் மூத்தவன் பள்ளிக்கூடத்திலேயே கணக்கில் முதலாவதாக வந்திருக்கிறான். சின்னவள் பாட்டுப் போட்டிக்குப் போய், வங்காளிப் பிள்ளைகள் நடுவில் வங்காளப் பாட்டையே பாடிக் கோப்பை வாங்கிக்கொண்டு வந்தாள். அதை டிவி பக்கத்தில் வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் கண்ணில் படாமல் போகாது. உன் மகன் டாக்டர் படிப்புக்கு இடம் பிடித்துவிட்டான் என்று நீ போனில் சொன்ன அன்றைக்குச் சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் மகள் ஜெனிட்டாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சென்னையில் அத்தனை பெரிய கம்பெனியில் ஆண்பிள்ளைகளை வைத்து வேலை வாங்குகிறாள் என் பேத்தி. அஞ்சாம் வகுப்போடு நின்றவளின் வயிற்றுப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இவர்கள். எதிர்வீட்டு வங்காளி அம்மாள் மித்ரா பௌதி கேட்டால் மட்டும் "ஏதோ படிக்கிறார்கள்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். நல்லவள்தான். ஆனாலும் பிள்ளைகளின் மார்க்கை அவள் எதற்கு அத்தனை அக்கறையாகக் கேட்கிறாள்?

இதைப் போனில் சொல்லாமல் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாய் என்று நீ கேட்பாய். நான் பேசும்போதெல்லாம் உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வருகிறது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் யார் யார் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தை நீ தனியாக இருந்து படி. படித்த பிறகு உன் பெண்டாட்டிக்குக் காட்டு. ஜெனிட்டாவுக்கும் காட்டு. அதற்குமேல் யாருக்குக் காட்டுவது என்று கடைசியில் சொல்லுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்து பார்த்தால், நம் கூடத்தில் உன் சம்பந்தி அமலதாஸ் உட்கார்ந்திருக்கிறார். ஜெனிட்டாவைக் கட்டப்போகிற பையன் ரோஷனின் அப்பா. கூடவே அவர் சம்சாரம் லூர்து. ஊரிலிருந்து ரயிலில் இத்தனை தூரம் வந்திருக்கிறார்கள், வருகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல். முகவரியை நீதானே கொடுத்தாய்? கொடுத்ததை என்னிடம் ஏன் சொல்லவில்லை? லேக் மார்க்கெட்டில் இறங்கி அங்கே தமிழ்க்கடையில் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். ஊரிலிருந்து வருகிறவர்கள் ஊர்ப் பலகாரம் கொண்டு வராமல் இங்கே வாங்கிக் கொடுத்தால், அது திடீரென்று தீர்மானித்த பயணம் என்று அர்த்தம். அப்போதே எனக்கு மனசில் ஒன்று உறுத்திவிட்டது.

"அத்தை, உங்களை நேர்ல பாத்து அழைக்கணும்லா, அதான் வந்தோம்" என்றார் அமலதாஸ். அத்தை! இவர் அப்பா என் அப்பாவைக் கூப்பிட்ட விதம் என் காதில் இன்னும் இருக்கிறது. "ஏல, இன்னாசி" என்பார், அப்பாவைவிடச் சின்ன வயசுக்காரர். மகன் வாயில் அத்தை வருகிறது. சந்தோஷப்பட வேண்டியதுதான். நான் சந்தோஷப்பட்டேன், ஆனால் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பட்டேன். பிலோ டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைக் குடிக்கிறாரா, உதட்டில் வைத்துவிட்டுக் கீழே வைக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். முழுக்கக் குடித்தார். இன்னொன்றும் கேட்டார். சர்க்கரை வியாதிக்காரர் என்று நீதானே சொன்னாய்? அப்புறம் எதற்கு இன்னொரு டீ? பிலோ சொல்லுகிறாள், "ஒனக்கு எதைத்தான்மா செஞ்சாப் புடிக்கும், குடிக்காட்டியும் குத்தம், குடிச்சாலும் குத்தம்" என்று. அவள் இந்த ஊரில் பிறந்தவள். அவளுக்குப் புரியாது.

உனக்கும் முழுக்கச் சொன்னதில்லை. மறந்துபோய் விட்டதல்ல. நீ எந்தக் கோயிலுக்குள் போனாலும் பக்கம் பார்க்காமல் உட்காரப் பழகவேண்டும் என்றுதான் சொல்லாமல் வளர்த்தேன். இப்போது உன் மகள் அந்தக் கோயிலிலேயே தாலி கட்டிக்கொள்ளப் போகிறாள். இனி உனக்குத் தெரிந்தாக வேண்டும்.

நம் ஊர் சூசையப்பர் கோயில் உனக்கு ஒருமுறை தேருக்குப் போய்ப் பார்த்த கோயில்தானே. உயரமான கோபுரம், உள்ளே நீலம் அடித்த மச்சு, வேறு என்ன ஞாபகம் இருக்கப்போகிறது. வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் கட்டியது என்று சொல்வார்கள். அவர் நின்று கட்டினார், சரி. கல் சுமந்ததும் சுண்ணாம்பு அரைத்ததும் நம் வடக்குத் தெருப் பெண்கள். என் அப்பாவைப் பெற்றவள் தலையில் சும்மாடு வைத்துக் கல் சுமந்த கதையை நான் கேட்டுத்தான் வளர்ந்தேன். கட்டி முடித்துத் திறக்கிற அன்றைக்குப் பெரிய தெருக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். அதன்படி கோயில் நடுவில், பீடத்துப் படியிலிருந்து மேற்கு வாசல்வரை, இடுப்பளவு உயரத்துக்கு இரும்புக் கிராதி நட்டார்கள். தென்பக்கம் அவர்களுக்கு, பெரிய வாசலும் அவர்களுக்கு. வடபக்கம் நமக்கு. நாம் உள்ளே வருவதற்கு வடக்குச் சுவரில் சின்னதாக ஒரு வாசல். சாமியார் தென்பக்கம் எல்லாருக்கும் நன்மை அப்பம் கொடுத்து முடித்துவிட்டு, கிராதியைச் சுற்றி வந்து நமக்குக் கொடுப்பார். சேசு ஒருவர்தான், ஆனால் நம்மிடம் வர அவருக்குக் கொஞ்சம் நேரமாகும். அப்படித்தான் நான் சின்னப் பிள்ளையில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல்முதலாக அந்த அப்பம் வாங்குகிற என் புதுநன்மை வந்தது. அந்த வருஷம் எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தவர் மலையாளத்திலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு சிஸ்டர். தமிழே தட்டுத் தடுமாறித்தான் வரும். ஊர் வழக்கம் அவருக்கு யாரும் சொல்லவில்லையா, சொல்லியும் புரியவில்லையா, புரிந்தும் புரியாத மாதிரி இருந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிள்ளைகளையெல்லாம் உயர வரிசையில் நிறுத்தினார். பெரிய தெரு, நம் தெரு என்று பார்க்கவில்லை, யார் குட்டையோ அவர்கள் முன்னால். எல்லாரிலும் குட்டை நான். வெள்ளை உடுப்பும் முக்காடும் போட்டு, கையில் மெழுகுதிரியைக் கொடுத்து, "நேரே நடந்நு போ மோளே" என்று முதுகில் தட்டிவிட்டார். நான் பெரிய வாசல் வழியாக, தென்பக்கமாக, நேரே நடந்து போனேன். எனக்குப் பின்னால் ஊர்ப்பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே வரிசையில் வந்தார்கள். திரி அணைந்துவிடக் கூடாதே என்ற பயம்தான் எனக்கு, வேறு ஒன்றும் தோன்றவில்லை. பாதி தூரம் போன பிறகுதான் கிராதிக்கு அந்தப் பக்கம் என் அம்மாவின் முகம் தெரிந்தது. அவள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. மூச்சு விடாமல் நின்றிருந்தாள்.

பூசை நடக்கும்போது யாரும் வாயைத் திறக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பயமான விஷயம். அடுத்த வாரம் அந்தச் சிஸ்டர் ஊரில் இல்லை, மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள். பள்ளிக்கூடம் திறந்ததும் ஆறாம் வகுப்பில் சேரப் போனேன். இடம் இல்லை என்றார்கள். எனக்கு மட்டுமல்ல, நம் தெருவிலிருந்து போன எந்தப் பிள்ளைக்கும் அந்த வருஷம் ஆறாம் வகுப்பில் இடம் இல்லை. கோயில் பெரியவர் ஒருவர் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார் என்று ஊர் முழுக்கத் தெரியும். அந்தப் பெரியவர்தான் அமலதாஸின் அப்பா.

கொஞ்ச வருஷம் கழித்து, மேற்றிராணியார், அதுதான் பிஷப், உத்தரவு என்று சொல்லிக் கொல்லனைக் கூட்டிவந்து கிராதியை அறுத்துப் பிடுங்கி எடுத்தார்கள். அப்போது எனக்குக் கல்யாண வயசு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் ஆட்கள் உள்ளே போய் எங்கே உட்கார்ந்தார்கள் தெரியுமா? வடபக்கம். அவர்கள் தென்பக்கம். நடுவில் தரையில் கம்பி பிடுங்கிய குழிகள் மட்டும் வரிசையாக. ஒரு குழந்தை தவழ்ந்து அந்தப் பக்கம் போய்விட்டால் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வருவார்கள். இரும்பை எடுத்த பிறகும் இருக்கிற கிராதியை யார் அறுப்பது?

உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு கிடர்பூருக்கு வந்த புதிதில், முதல் ஞாயிறு அவர் என்னைப் பூசைக்குக் கூட்டிப் போனார். வாசலில் நின்றுவிட்டேன். "நம்ம பக்கம் எதுங்க?" என்று கேட்டேன். துறைமுகத்தில் பாரம் ஏற்றி இறக்கிப் பழகிய மனுஷன், சத்தமாகத்தான் பேசுவார். "எங்க எடம் இருக்கோ அங்க உக்காரு, சாமியார் என்ன டிக்கெட்டா கேக்காரு?" என்றார். கடைசி வரிசையில் தூணோரமாக உட்கார்ந்தேன். கவுன் போட்ட ஆங்கிலோ இந்தியக் கிழவி ஒருத்தி வந்து என்னை இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் ஒரு சந்தாலிப் பெண், இடுப்பில் குழந்தையோடு. யாரும் எழுந்து போகவில்லை. ஏன் போகவில்லை, நான் யார் என்று தெரியாததாலா, தெரிந்தும்தானா என்று பல ஞாயிறு யோசித்தேன். சந்தேகம் கெட்ட குணம் என்று நீ சொல்வாய். ராசா, அந்தக் குணம் இல்லாவிட்டால் துறைமுகத்து லைன் வீட்டில் உங்கள் இரண்டு பேரையும் ஆளாக்கியிருக்க முடியாது. உன் அப்பாவுக்குக் கிரேன் வேலை வாங்கித் தருகிறேன் என்று இனிக்க இனிக்கப் பேசி வந்தவனை வாசலோடு அனுப்பியது நான்தான். அவனை நம்பிப் பணம் கொடுத்தவர்கள் பிறகு என் வீட்டு வாசலில் வந்து அழுதார்கள்.

இப்போது அமலதாஸ் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவது டீ முடிந்ததும் போனை எடுத்து, சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தார், கேமராக் கண்ணாடி என் முகத்துக்கு நேராக.

"அத்தை, கோயிலுக்கு நூறாவது வருஷ மலர் போடுதோம். வரலாறு எழுதுற பொறுப்பு என் தலையில. அந்தக் காலத்து ஆளு நீங்க ஒருத்தர்தான்."

"ஊர்ல வயசானவங்க யாருமே இல்லையா?"

"இருக்காவ. ஆனா யாருக்கும் ஒண்ணும் ஞாபகம் இல்லைங்காவ."

ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் மறந்துவிட்டதாம்.  கோயிலில் போட்ட புதுத் தரையின் படத்தைக் காட்டினார். கண்ணாடி மாதிரிக் கிரானைட் போட்டிருக்கிறார்கள். கண்ணைச் சுருக்கி அந்தக் குழிகளைத் தேடினேன். ஒன்றும் இல்லை, எல்லாம் அதற்கு அடியில் போய்விட்டது. "கல்யாணத்துக்குள்ள வேலை முடியணும்னு நான்தான் அவசரப்படுத்துனேன்" என்றார், பெருமையாக.

"ஒண்ணே ஒண்ணு அத்தை. கோயில் நடுவுல ஒரு தடுப்பு இருந்துச்சுல்லா. அது ஆம்பளைக ஒரு பக்கம், பொம்பளைக ஒரு பக்கம் உக்காரதுக்குப் போட்டதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"அதை நீங்களே எழுதலாமே?"

"நான் எழுதுனா எவன் நம்புவான்? வடக்குத் தெரு ஆளு, அதுலயும் நீங்க சொன்னா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டாம்லா."

பிலோ என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள், சொல்லித் தொலைத்துவிடு என்று. தடை இருந்தால் சொல்லச் சொல்லிக் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க ஆரம்பித்தாயிற்று. இந்த நேரத்தில் கிழவி எதையாவது சொல்லிக் கெடுத்துவிடுவாளோ என்று அவளுக்குப் பயம். உனக்கும் அந்தப் பயம் இருக்கும். எனக்கு மட்டும் இல்லை என்றா நினைக்கிறாய்? ஜெனிட்டாவும் ரோஷனும் ஒரே ஆபீசில் வேலை பார்த்து, உங்க ஊர் எது என்று கேட்கப்போய் ஒரே ஊர், ஒரே கோயில் என்று தெரிந்து பேச ஆரம்பித்தவர்கள். ஒரே கோயில்! அதைச் சொல்லி என்னிடம் எப்படிச் சிரித்தாள் அந்தப் பிள்ளை. ரோஷன் போனில் முகத்தைக் காட்டி "ஆச்சி, சாப்ட்டீங்களா?" என்று கேட்கிற ஒவ்வொரு தடவையும் நான் அவன் கண்ணையே பார்ப்பேன். குற்றம் சொல்லும்படி இதுவரை ஒன்றும் தட்டுப்படவில்லை. இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டேன். "சரி, போன்ல வீடியோவைப் போடுங்க" என்றேன். அவர் போட்டார். நான் கேட்டேன்:

"தம்பி, உங்க அம்மா கோயில்ல எங்க உக்காருவாங்க?"

"தென்பக்கம், பெரிய வாசலுக்கு நேரா. எங்க குடும்பத்துக்குத் தலைமொறையா அங்கதான எடம்."

"உங்க ஐயா?"

"அவுகளும் தென்பக்கம்தான், முன்னால..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"எங்க அப்பாவும் அம்மாவும் வடபக்கம். ரெண்டு பேரும் வடபக்கம். அப்ப அந்தத் தடுப்புல எந்தப் பக்கம் தம்பி ஆம்பள, எந்தப் பக்கம் பொம்பள?"

லூர்துவுக்கு டீ புரை ஏறிவிட்டது. முந்தானையை வாயில் வைத்து இருமினாள். இருமினாளா, சிரித்தாளா என்று நான் பார்க்குமுன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிலோ "அம்மா!" என்று பல்லைக் கடித்தாள். அமலதாஸ் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சிரித்தார். "அத்தைக்கு வாய் இன்னும் குறையலை" என்றார். பிறகு, "பழசைக் கிளறி என்ன ஆகப்போவுது? பிள்ளைக நல்லா வாழணும்லா" என்றார். அது கெஞ்சலா, மிரட்டலா? இரண்டும் ஒரே குரலில்தான் வரும். எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை, உனக்குத் தெரிந்தால் சொல்லு.

அப்புறம் பேச்சை மாற்றுகிறவர்போலக் கல்யாண ஏற்பாட்டைச் சொன்னார். வாசலில் மேளம், பீடத்தில் ரோஜாப்பூ, பாட்டுக்குப் பாளையங்கோட்டையிலிருந்து ஆட்கள். "பொண்ணு வீட்டார் வடபக்கம், மாப்ள வீட்டார் தென்பக்கம். மொறைப்படி எல்லாம் செஞ்சாச்சு, நீங்க ஒண்ணுக்கும் கவலைப்படாதீங்க" என்றார்.

 அது எல்லாக் கோயிலிலும் இருக்கிற முறைதான். இங்கே கொல்கத்தாவிலும் எத்தனையோ கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன், பீடத்தைப் பார்த்து நின்றால் பெண் வீட்டார் இடப்பக்கம். நம் ஊர்க் கோயிலில் இடப்பக்கம் என்பது வடபக்கம். ஆக, அவர் ஒரு சூதும் செய்யவேண்டியதில்லை. யாரும் யாரையும் தள்ளி உட்காரச் சொல்லவேண்டியதில்லை. நம் தெரு ஆட்கள் பட்டுச்சேலையும் கோட்டும் போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டே போய், அதே இடத்தில் உட்கார்ந்துகொள்வார்கள். அவர்கள் அதே தென்பக்கம். புதுக் கிரானைட்டின் மேல் பழைய கோடு தானாக விழுந்துவிடும். போட்டோ எடுத்து அந்த மலரிலும் போடுவார்கள், ஒற்றுமை என்று பெயர் எழுதி. அவர் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியாத முகம்தான். தெரியாத முகத்தோடுதானே எல்லாம் நடந்தது, அந்தக் காலத்திலும்.

சமையலறைக்குப் போனேன். பின்னாலேயே லூர்து டம்ளர்களை எடுத்துக்கொண்டு வந்து குழாயடியில் நின்றாள்.

"வைங்கம்மா, விருந்தாளி கழுவக் கூடாது" என்றேன்.

"நான் விருந்தாளியா அத்தை?" என்று கேட்டுக்கொண்டே கழுவினாள். அவள் குடித்ததை மட்டுமல்ல, நான் குடித்ததையும் கழுவினாள். நம் ஆட்கள் அவர்கள் வீட்டில் குடித்த சிரட்டையை நாமே கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்த காலம் ஒன்று உண்டு. அவளுக்கு அது தெரியுமா என்று பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்: "நீங்க கேட்டதை, கட்டிவந்த புதுசுல எங்க மாமியாகிட்ட நானும் கேட்டிருக்கேன். கேள்வி கேக்கவா ஒன்னைக் கட்டிட்டு வந்தோம்னாக. அதோட சரி. இவுக கெட்டவுக இல்ல அத்தை. அப்பா பேருக்கு ஒண்ணு வந்துரக் கூடாதுன்னு தவிக்காக. ராத்திரி ஒறக்கமே இல்ல அவுகளுக்கு."

அப்பா பேருக்கு ஒன்றும் வரக்கூடாது என்று ஒரு மகன் தவிப்பதை நான் குறை சொல்லமாட்டேன். நீயும் தவிப்பாய். ஆனால் அவர் அப்பா பேரைக் காப்பாற்ற என் அப்பாவையும் அம்மாவையும் வேறு வேறு பக்கம் பிரித்து உட்காரவைக்க நான் சம்மதிக்கமாட்டேன். கிளம்பும்போது வாசலில் வைத்து அவரிடமே சொன்னேன்: "கிராதி இருந்துச்சுன்னு எழுதுங்க. எதுக்கு இருந்துச்சுன்னு எழுதுங்க. யாரு பேரும் போட வேண்டாம், உங்க ஐயா பேரு என் வாயில வராது. அப்படி எழுத முடியாட்டி, கிராதியைப் பத்தி எழுதாதீங்க, என் படத்தையும் போடாதீங்க. பொய் மட்டும் வேண்டாம்." அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, குனிந்து, நெற்றியைக் காட்டினார், சிலுவை போடச் சொல்லி. போட்டேன்.  

கல்யாணம் நடக்கட்டும், அருள். அந்தக் கோயிலிலேயே நடக்கட்டும். வேறு கோயில் பார்க்காதே, சென்னையில் மண்டபம் பார்க்காதே. என் பேத்தி பெரிய வாசல் வழியாக உள்ளே போகவேண்டும். நான் சொன்னதை ஓலைக்குத் தடை சொன்னதாக நீ எடுத்துக்கொண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் ஒன்று நீ செய்யவேண்டும். அமலதாஸிடம் நேரில் போ, போனில் வேண்டாம். இந்தக் கல்யாணத்தில் பக்கம் கிடையாது என்று சொல்லு. வருகிறவர்கள் இடம் இருக்கிற இடத்தில் உட்காரட்டும். முறை என்று பேசுவார். பேசட்டும், நீ குரலை உயர்த்தாதே, எழுந்தும் வராதே. ரோஷனையும் ஜெனிட்டாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசு, இந்தக் கடிதத்தை அவர்கள் இரண்டு பேரும் படித்திருக்கவேண்டும். அந்தப் பையன் என்ன சொல்லுகிறான் என்று கவனி. வாயைப் பார்க்காதே, அவன் தன் அப்பாவைப் பார்க்கிறானா, ஜெனிட்டாவைப் பார்க்கிறானா என்று பார். அதிலேயே எனக்கு வேண்டியது தெரிந்துவிடும். நம் ஆட்களிடமும் சொல்லிவை. அது அவரிடம் சொல்வதைவிடக் கஷ்டம். "நமக்கு எதுக்கு வம்பு" என்று பழக்கதோஷத்தில் வடபக்கமே போய் ஒதுங்குவார்கள். நீயும் உன் பெண்டாட்டியும் முதலில் போய்த் தென்பக்கம், பெரிய வாசலுக்கு நேராக உட்காருங்கள். லூர்துவை வடபக்கம் வந்து உட்காரச் சொல்லு, நான் கேட்டதாகச் சொல்லு. அவள் வருவாள் என்று நினைக்கிறேன். வராவிட்டால் அந்த டம்ளர் கழுவியதற்கு நான் வேறு அர்த்தம் வைத்துக்கொள்ளவேண்டியிருக்கும்.

என்னால் வரமுடியாது. மூச்சு வாங்குகிறது, விமானமும் வேண்டாம் ரயிலும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ முந்திக்கொண்டு அவருக்குப் போன் போட்டு ஏதாவது சொல்லிவைத்தாயோ என்று ஒரு எண்ணம் வந்தது, பிலோவிடம் கேட்டும் பார்த்தேன். அவள் சத்தியம் செய்கிறாள். இருக்கட்டும்.

அதனால் எனக்கு ஒரு போட்டோ வேண்டும். மாலையும் கழுத்துமாகப் பிள்ளைகள் நிற்கிற படம் எப்படியும் போனில் வரும், பிலோ காட்டுவாள். நான் கேட்பது வேறு. பூசை நடந்துகொண்டிருக்கும்போது போட்டோக்காரனைப் பாட்டுப் பாடுகிற மாடிக்கு ஏற்றி, மேலேயிருந்து கோயில் முழுவதும் தெரிகிறமாதிரி ஒரு படம் எடுக்கச் சொல்லு, வடபக்கமும் தென்பக்கமும் ஒரே படத்தில் வரவேண்டும். போனில் அனுப்பாதே, அதில் எதையும் வெட்டி ஒட்டலாம் என்று பேரனே சொல்லுகிறான். பெரிதாகக் காகிதத்தில் போட்டு, மடங்காமல் அட்டை வைத்து, பதிவுத் தபாலில் அனுப்பு. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு தலையாகப் பார்க்கவேண்டும்.